கரையாத மாத்திரை

ஜூன் 9

கட்டாய உரிமம் வந்துவிட்டது. எங்கள் முதலாளி ஹபீபுல்லா சார் எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொல்லி, நின்றபடியே உத்தரவைப் படித்தார். ஈரல் காய்ச்சல் பரவுவதால் அவசர நிலை. மெல்டானிவிர் மாத்திரைக்குப் பேட்டன்ட் வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனி சம்மதிக்காவிட்டாலும், அவர்களுக்கு ஒரு ராயல்டி கொடுத்துவிட்டு இங்கே மூன்று கம்பெனிகள் அதைத் தயாரிக்கலாம். மூன்றில் ஒன்று நாங்கள். புதுச்சேரிக்கு வெளியே இருமல் மருந்தும் பேதி மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்த நாங்கள்! இதுவரை ஒரு நோயாளிக்கு ஆகும் மாத்திரையின் விலையில் ஒரு பைக் வாங்கலாம். இனி ஒரு சைக்கிள் டயர் விலைக்குக் கொடுப்போம் என்றார் சார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆராய்ச்சிப் பிரிவுக்கு நான் பொறுப்பு என்பதால் பேட்டன்ட் நகல் என் மேசைக்கு வந்தது. முதல் பக்கத்தில் கண்டுபிடித்தவர்கள் பெயர் ஐந்து. முதல் பெயர் ரெஜினா அருள்தாஸ். மற்ற நாலு பெயரை நான் படிக்கவில்லை.

ரெஜினாவும் நானும் எம்.ஃபார்மில் ஒரே விடுதி அறை. இரண்டு செமஸ்டரில் நான் அவளைவிட மார்க் அதிகம். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் நன்றாக இருக்காது. அவள் ஹைதராபாத்தில் அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாள். நான் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன்.

சாயங்காலம் அவளிடமிருந்து போன், ஆறு வருஷத்துக்குப் பிறகு. எடுக்கவில்லை. ‘என் மருந்து, பார்த்துப் பண்ணு’ என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாள்.

ஜூன் 11

மாவு புளித்துவிட்டது. எல்லாவற்றையும் ஊத்தப்பமாக ஊற்றினேன். ரெஜினா மறுபடி கூப்பிட்டாள். குளித்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 20

முதல் மாத்திரைகள் வந்துவிட்டன! வெள்ளை, நீள்வட்டம், நடுவில் கோடு. தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் சத்தியசீலன் சார் கரைதல் சோதனையைத் தானே செய்தார். வெதுவெதுப்பான நீரில் மாத்திரையைப் போட்டு, துடுப்பு மெல்லச் சுற்றும். நாற்பது நிமிஷத்தில் முழுக்கக் கரைந்தது. “மேடம், பிரமாதம்” என்றார்.

எங்கள் உலர் அறைதான் காரணம். இது கடலோர ஊர். காற்றில் எப்போதும் ஈரம். ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் வேண்டும் என்று நாலு வருஷத்துக்கு முன் முதலாளியோடு மல்லுக்கு நின்று வாங்கினேன். பொடி உலர்ந்தே இருக்க வேண்டும் என்று பேட்டன்டிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் அறையில் அப்பளத்தை நாலு நாள் திறந்து வைத்தாலும் நமுத்துப் போகாது.

வீட்டுக்கு ஜாங்கிரி வாங்கிப் போனேன். என் கணவர் ஞானசேகர் மின்துறையில் இருக்கிறார், மருந்து விஷயம் புரியாது. இருந்தாலும் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டார். மகள் இளவேனில், பிளஸ் டூ. “அம்மா, ரெஜினா ஆன்ட்டி கண்டுபிடிச்சதைத்தானே நீ பண்ற?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

ஜூன் 28

அதே மாத்திரைகள் இன்று கரையவில்லை. ஒரு வாரம் டப்பாவில் இருந்ததைத் தவிர வேறொன்றும் ஆகவில்லை. துடுப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. மாத்திரை உடைந்து, மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. உடம்பில் கரையாத மாத்திரையும் கூழாங்கல்லும் ஒன்றுதான், விழுங்கலாம்.

ஜூலை 5

பசையை மாற்றினேன், மாவை மாற்றினேன், அழுத்தத்தைக் குறைத்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் கரைகிறது, ஒரு வாரத்தில் கல்லாகிறது. கடையில் விற்கும் அவர்களுடைய மாத்திரையை வாங்கி உடைத்துப் பார்த்தோம். அதில் கொஞ்சம் ஈரம் காட்டியது. சேர்த்திருக்கும் மாவின் ஈரமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சத்தியசீலன் சார் சாப்பாட்டு டப்பாவோடு என் அறைக்கு வந்தார்.

“மேடம், பேட்டன்ட்ல முதல் பேரு உங்க ஃப்ரெண்டுன்னு உங்க பாப்பா சொல்லிச்சு, அன்னைக்கு நம்ம கம்பெனி ஆண்டு விழாவுல.”

“கூடப் படிச்சவ.”

“ஒரு போன் போட்டுப் பாக்கலாமே?”

“அவங்க எதிர்க் கம்பெனி, சார். சொல்ல மாட்டாங்க. சொல்லக் கூடாது.”

“சொல்லலன்னா வச்சிடுவாங்க. நமக்கு என்ன போச்சு?”

நமக்கு என்ன போகும் என்று அவருக்குத் தெரியாது. அவர் யாரோடும் ஒரே அறையில் இருந்து படித்தவரில்லை.

“நாமளே பண்ணிடலாம், சார்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எனக்கு மாவடு கொடுத்தார். அவர் மனைவி பூங்கோதை போட்டது.

ஜூலை 10

டிவியில் ரெஜினா. ஈரல் காய்ச்சல் பற்றி நாலு பேர் பேசினார்கள், நடுவில் அவள். தலைமுடியை வெட்டியிருக்கிறாள். நரையை அப்படியே விட்டிருக்கிறாள், அது அவளுக்கு எடுப்பாக இருக்கிறது. நான் மாதம் ஒரு முறை சாயம் பூசுகிறேன்.

“எவ்ளோ தெளிவாப் பேசறாங்க” என்றாள் இளவேனில்.

“பேச வரும். விடுதியிலயே அப்படித்தான்.”

“நீயும் அவங்களும் ஒண்ணாத்தானே படிச்சீங்க? அப்புறம் எப்படிம்மா?”

அப்புறம் எப்படி என்றால் என்ன கேள்வி! குழம்பு அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போனேன். குழம்பு அடிப்பிடிக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்த கொஞ்ச நேரத்தில் போன். மூன்றாவது முறை. டிவியில் பார்த்தாயா என்று கேட்பதற்கு. எடுக்கவில்லை.

ஜூலை 19

ஆறாவது தயாரிப்பும் கல். மற்ற இரண்டு கம்பெனிக்காரர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்களாம். இதற்குள் அந்த வெளிநாட்டுக் கம்பெனி உயர் நீதிமன்றம் போய்விட்டது. உள்ளூர் மாத்திரை கரையாது, இதைக் கொடுத்தால் மக்கள் உயிருக்கு ஆபத்து, உரிமத்தை ரத்து செய்யுங்கள் என்று மனு. நாங்கள் தோற்பதே அவர்களுக்குச் சாட்சி.

ஹபீபுல்லா சார் என் அறைக்கு வந்து உட்காராமலே பேசினார். “திலகம்மா, லைசென்சு குடுத்துட்டாங்க. எப்படிச் செய்யறதுன்னு யாரும் குடுக்கலியே.”

அரசு மருத்துவமனையில் படுக்கை இல்லாமல் தரையில் பாய் போட்டிருக்கிறார்கள். பேப்பரில் படம் வந்திருந்தது.

ஜூலை 22

மோட்டார் காயில் எரிந்துவிட்டது. கீழ் வீட்டிலிருந்து தண்ணீர்.

ஜூலை 26

சத்தியசீலன் சார் வரவில்லை. நேற்றே கண் மஞ்சளாக இருந்தது. வெயில் என்றார். ஈரல் காய்ச்சல் உறுதியாகிவிட்டது.

ஹபீபுல்லா சார் நாலு ஊருக்குப் போன் செய்தார். அசல் மாத்திரைக்குப் பணம் தருகிறோம் என்றாலும் சரக்கு இல்லை. இருப்பதெல்லாம் வேறு நாடுகளுக்கு ஒதுக்கியாகிவிட்டதாம். எங்களுடையதை அரசு அனுமதிக்கும் முன் யாருக்கும் கொடுக்கக் கூடாது. மாத்திரை போடுகிற கம்பெனியில் தரம் பார்க்கிற ஆளுக்கு மாத்திரை இல்லை.

ஜூலை 28

வார்டுக்குள் விடவில்லை. பூங்கோதை அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போனில் பேசச் சொல்லிக் கொடுத்தார்.

சத்தியசீலன் சாருக்குக் குரல் இறங்கிவிட்டது. “மேடம், ஏழாவது என்னாச்சு?”

“இன்னும் நாலு நாள்ல தெரியும், சார்.”

“கரையுமா?”

“கரையும்.”

கரையாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். முப்பது வருஷமாக அந்தத் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்.

ஜூலை 29

காலையில் கம்பெனிக்குப் போகாமல் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு ரெஜினாவைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

“திலகா! ஏய், எவ்ளோ நாளாச்சுடி. உனக்கு எத்தனை தடவை போன் பண்றது?”

“பாக்கல.” பிறகு, “பாத்தேன்” என்றேன்.

அவள் அதற்குள் போகவில்லை. “சரி விடு. கல்லாயிடுதா?”

“ஆமா.”

“ஒரு வாரத்துலயா?”

“ஒரு வாரந்தான்.”

“உன் ரூமு ரொம்பக் காஞ்சு கிடக்கா?”

நான் பெருமையாகச் சொல்லிக்கொண்ட அறை. “அப்பளம்கூட நமுத்துப் போகாது” என்றேன்.

“அதுக்குத் தண்ணி வேணும்டி” என்றாள் ரெஜினா. “பேட்டன்ட்ல இருக்கிறது நாங்க முதல்ல கண்டுபிடிச்சது. காஞ்ச பொடி. அதைப் பதிவு பண்ணி ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அது நாள்பட நாள்படக் கல்லாயிடும்னு. இப்ப கடையில விக்கிறது வேற. அந்தப் பொடி துளி ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அது இருக்கிற வரைக்கும் கரையும். நீ அந்த ஈரத்தை உறிஞ்சி எடுத்துர்றே. அப்புறம் எப்படிக் கரையும்?”

“இதை எழுதலியா நீங்க?”

“எழுதணும்னு சொன்னேன். ரகசியமா வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. கேட்டா வேற வேலையைப் பாருன்னாங்க.”

எத்தனை ஈரம், எந்த வெப்பம், எவ்வளவு நேரம் என்று சொன்னாள். வண்டி சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். காற்றில் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டேன். கடைசியில், “உனக்கு ஆபத்தில்லையா?” என்று கேட்டேன்.

“இருக்கும். இங்க எங்க தெருவுல ரெண்டு பேரு போயிட்டாங்க, திலகா. மருந்து என் பேர்ல இருக்கு, என் தெருவுக்குக் கிடைக்கல. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளியில போவேன்?”

போனை வைத்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டேன். அவள் சொல்லியிருக்கக் கூடாது என்று எரிச்சலாக வந்தது. மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! இருபது வருஷமாக அவளை வெறுக்க வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட இப்போது கைவசம் இல்லை. என்றாலும் வெறுப்பு அப்படியேதான் இருந்தது.

ஜூலை 30

உலர் அறையின் இயந்திரங்களை நானே போய் நிறுத்தினேன். ஆபரேட்டர்கள் என்னைப் பார்த்த பார்வை!

ஆகஸ்ட் 5

சத்தியசீலன் சார் போய்விட்டார். விடியற்காலையில்.

உடலைக் கொடுக்கவில்லை. மருத்துவமனை ஆட்களே எடுத்துப் போய் எரித்தார்கள். பூங்கோதை அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் வீட்டில் விட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா கேட்டார். “மாத்திரை கரையுதாம்மா? நேத்துகூட அதைத்தான் கேட்டாரு.”

“கரையுதுக்கா” என்றேன். இந்த முறை உண்மை.

‘எடுக்கவில்லை’ என்று ஜூன் 9 அன்று எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

புதிய மாத்திரை இரண்டு வாரமாகக் கரைந்துகொண்டே இருக்கிறது. சூட்டில் வைத்தோம், குளிரில் வைத்தோம். கரைகிறது. அரசுக்கு மாதிரிகள் போய்விட்டன. மற்ற இரண்டு கம்பெனிகளுக்கும் முறையைச் சொல்லிவிடலாமா என்று ஹபீபுல்லா சாரிடம் கேட்டேன். “இதுல போய் என்ன யோசனை? சொல்லிடுங்கம்மா” என்றார்.

ஆகஸ்ட் 21

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்தார்கள். எல்லாம் திருப்தி. கிளம்பும்போது மூத்தவர் கேட்டார். “மூணு கம்பெனியும் முட்டி மோதின இடம், மேடம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“எங்க சொந்த ஆராய்ச்சிதான், சார்.”

ரெஜினாவைக் காட்டிக்கொடுக்க முடியுமா? அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

செப்டம்பர் 3

பேப்பரில் என் படம். ‘கல்லைக் கரைத்த புதுவைப் பெண்மணி.’ கலெக்டர் அலுவலகத்தில் சால்வை போட்டார்கள். குடியரசு தின விருதுக்கும் பெயர் போயிருக்கிறதாம். உயர் நீதிமன்றம் அந்தக் கம்பெனியின் மனுவைத் தள்ளிவிட்டது. மருத்துவமனை தரையில் இருந்த பாய்களை எடுத்துவிட்டார்களாம்.

இளவேனில் பள்ளியில் எல்லோரிடமும் காட்டினாளாம். “எங்க அம்மான்னு சொன்னேன்” என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ரெஜினா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ‘படம் பார்த்தேன். புடவை அழகு. ரொம்ப சந்தோஷம்டி.’ நாலைந்து தடவை படித்தேன். எங்கேயாவது ஒரு முள் இருக்கும் என்று தேடினேன். கிடைக்கவில்லை.

செப்டம்பர் 27

ரெஜினாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கம்பெனிக்குள் விசாரணை வைத்து, அவளுக்குக் கீழே இருந்த சீனிவாச ராவ் என்பவர்தான் ரகசியத்தை விற்றார் என்று அவரை இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். ரெஜினா அன்று மாலையே மேலதிகாரியிடம் போய், “அவர் இல்லை, நான். விற்கவும் இல்லை, சொன்னேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நஷ்டஈடு கேட்டு அவள் மேல் வழக்கு. அவர்களுடைய இந்தியத் தலைமையகம் சென்னையில் என்பதால் வழக்கும் அங்கேதான்.

பேப்பர், டிவி எல்லாவற்றிலும் ரெஜினா. மாணவர்கள் அவள் படத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். சாப்பிடும்போது இளவேனில் என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

என் படம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 12

ரெஜினா கூப்பிட்டாள். “பணம் வாங்கிட்டுத்தான் சொன்னேன்னு அவங்க கேஸு. இல்லன்னு சொல்ல உன்னைத் தவிர யாரு இருக்கா? சாட்சி சொல்ல வருவியா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள், “யோசி, அவசரமில்ல” என்றாள். அவசரம் அவளுக்குத்தான்.

ஹபீபுல்லா சாரிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். “நம்ம வக்கீலு போகாதீங்கன்னுதான் சொல்வாரு. அதிகாரிகிட்ட சொந்த ஆராய்ச்சின்னு சொல்லியிருக்கீங்க. விருதுக்குப் பேரு போயிருக்கு. போனா எல்லாம் கலைஞ்சிடும்மா.”

“போக வேண்டாம்கிறீங்களா, சார்?”

“நான் அப்படிச் சொல்லல. என் கம்பெனிய நான் பாத்துக்கறேன். உங்களை நீங்க பாத்துக்கோங்க.”

இரவு வீட்டில் இவரிடம் கேட்டேன். “போகணுமாங்க?”

“உனக்கு அந்தப் பொண்ணைப் பிடிக்காதே” என்றார்.

இவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

அக்டோபர் 13

வருகிறேன் என்று ரெஜினாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போகாமல் இருந்தால் இந்த ஆட்டத்திலும் அவளே ஜெயித்துவிடுவாள் என்று தோன்றியது. அது ஒரு காரணம்.

டிசம்பர் 16

சென்னை. நீதிமன்றத்துக்கு வெளியே ரெஜினா தனியாக நின்றிருந்தாள். மெலிந்திருக்கிறாள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மெலிவும் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அவளுடைய வக்கீல் கேட்டதெல்லாம் சுலபம். பணம் கொடுத்தீர்களா? இல்லை. வேறு ஏதாவது? இல்லை. நானாகத்தான் கூப்பிட்டுக் கேட்டேன், அவள் சொன்னாள்.

பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். மெதுவாகப் பேசினார்.

“ஆகஸ்ட் மாசம் அதிகாரிகிட்ட ‘எங்க சொந்த ஆராய்ச்சி’ன்னு சொன்னீங்க. இன்னைக்கு இவங்க சொன்னாங்கன்னு சொல்றீங்க. எது பொய்?”

“ஆகஸ்ட்ல சொன்னது.”

“எதுக்குப் பொய் சொன்னீங்க?”

ரெஜினாவின் வக்கீல் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கம்பெனி வக்கீலே எனக்கு வழி திறந்தும் கொடுத்தார். “இவங்களைக் காப்பாத்தவா?”

ஆமாம் என்றால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது.

“பாதி அதுக்கு” என்றேன்.

“மீதி பாதி?”

“அந்தப் பேரு எனக்கு வேணும்னு இருந்தது.”

நீதிபதி அம்மா அதை ஆங்கிலத்தில் டைப்பிஸ்ட்டுக்குச் சொல்லத் தொடங்கி, நிறுத்தினார். “சரியாக் காதுல விழல. மறுபடி சொல்லுங்க.”

“அந்தப் பேரு எனக்கு வேணும்னு இருந்ததும்மா. இவ கண்டுபிடிச்சா. நான் கேட்டேன். அதையும் முன்னாடியே கேட்டிருக்கணும்.”

டைப்பிஸ்ட் அடித்தார். முடிந்ததும் வாசித்துக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் இன்னும் மோசமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து, ரெஜினாவும் நானும் எதிரே இருந்த ஹோட்டலில் சாப்பிட்டோம். “காப்பாத்தத்தான்னு சொல்லியிருக்கலாமேடி” என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். பிறகு ரசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது முறை வாங்கினாள்.

“சத்தியசீலன்னு ஒருத்தர்” என்று ஆரம்பித்தேன். அவரைப் பற்றி இலை காயும் வரை பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டிசம்பர் 17

பேப்பரில் வந்திருக்கிறது. மூன்றாம் பக்கம். ரெஜினாவின் படம் பெரிதாக, சிரித்தபடி. என் படம் ஓரத்தில் தபால் தலை அளவுக்கு, கண்ணை மூடியிருக்கிறேன். நான் சொன்னதை அப்படியே போட்டிருக்கிறார்கள். ஹபீபுல்லா சார் போன் செய்து விருதுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்றார். “டிபன் சாப்ட்டீங்களாம்மா?” என்றும் கேட்டார்.

பெரிய படத்தைப் பார்த்ததும் நெஞ்சில் பழைய இடத்தில் சுருக்கென்றது. நேற்றோடு அது போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இளவேனில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவள் படிக்கிற மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். பசை காயும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு படமும் அதில் இருந்தன.

யாருக்காக ஒட்டுகிறாள் என்று நான் கேட்கவில்லை.